கைக்கு மட்டும் கூலி

மார்ச் 4, செவ்வாய்

காலை முழுக்க ஒரு காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குடிக்க அல்ல. உள்ளே இருந்தது காப்பியும் இல்லை, ஏதோ பழுப்புச் சாயம். சோபாவில் உட்கார்ந்து சிரித்தது வேறொரு பெண். நான் சோபாவுக்குப் பின்னால் முட்டி போட்டு, அவள் அக்குளுக்கடியில் என் கையை நுழைத்து, அவளுடைய கை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தேன். விளம்பரம் பார்க்கிறவர்கள் ஒரே ஆள் என்றுதான் நினைப்பார்கள். நினைக்கட்டும், அதற்குத்தான் காசு.

ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னாலும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொள்வேன். ரத்தம் இறங்கி, நரம்பு அமுங்கி, தோல் வெளுத்து வரும். புதிதாக வந்த லைட்காரர், "என்னக்கா, சரண்டர் ஆயிட்டீங்களா?" என்றார். "உங்க டைரக்டர் இன்னும் பத்து டேக் கேட்டாருன்னா ஆயிடுவேன்" என்றேன். டைரக்டர் காதிலும் விழுந்தது. விழட்டும். இந்த ஊரில் ஒரு கோப்பையை இத்தனை நேரம் ஆடாமல் பிடிக்க வேறு யார் இருக்கிறார்கள்?

இன்று ஒரு நாளைக்கு நான் வாங்கியது, என் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேருக்காக மாடி மாடியாக ஏறி இறங்கி ஒரு மாதம் சம்பாதிப்பது. கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். மாதத்தில் எத்தனை நாள் இப்படி என்று மட்டும் கேட்க மாட்டார்கள். இரண்டு நாள். நன்றாக ஓடினால் மூன்று. மீதி நாளெல்லாம் கையைக் காக்கிற நாள். அதற்குச் சம்பளம் கிடையாது.

மார்ச் 5, புதன்

வேலை இல்லை. க்ரீம் தடவி, உறை மாட்டி, உட்கார்ந்திருந்தேன். இதுவும் வேலைதான் என்று இந்த வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தாள். அவளுடைய தம்பி முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். நான் மேஜை பக்கத்தில், வெள்ளைத் துணி உறையோடு, ராணி மாதிரி. அவளுக்குக் கண் பொறுக்குமா?

"ஒரு தட்டைக் கூடக் கழுவ மாட்டியா?"

"கழுவுவேன் அண்ணி. ஒரு தட்டுக்கு என்ன ரேட்டுன்னு உங்க தம்பிகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

இவர் அடுப்படியிலிருந்து, "நமக்குக் கட்டுப்படியாகாது மேடம், நானே கழுவிக்கிறேன்" என்றார். ஏஜென்ட் என்னை மேடம் என்று கூப்பிடுவதைக் கேட்ட நாளிலிருந்து இவருக்கும் நான் மேடம்தான். நாத்தனார் சிரிக்கவில்லை. முட்டையை மட்டும் நன்றாகச் சாப்பிட்டாள்.

மகள் வாலு பயிற்சி முடிந்து புழுதியோடு வந்தாள். பதினைந்து வயது. பள்ளி வாலிபால் டீமில் அவள்தான் செட்டர்; வருகிற பந்தை விரல் நுனியால் ஏந்தி, அடிக்கிறவளுக்கு வாகாகத் தூக்கிக் கொடுக்கிற வேலை. அடித்தவளுக்குக் கைதட்டல். தூக்கிக் கொடுத்தவளை யாரும் பார்க்கிறதில்லை. "எங்கம்மா வேலை மாதிரியேதான்" என்று அவளே சொல்லிக்கொள்வாள். அடுத்த மாதம் இருபத்தாறாம் தேதி மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். தூக்கத்தில் கூட அதே பேச்சு.

மார்ச் 14, வெள்ளி

இன்று ஏஜென்ட் நேரில் வந்தார். போனில் பேசுகிற மனுஷர் வீட்டுக்கு வந்தாலே பெரிய விஷயம் என்று தெரியும். ஆனால் இவ்வளவு பெரியது என்று நினைக்கவில்லை.

கை க்ரீம் கம்பெனி. தாயும் மகளும்: இரண்டு ஜோடிக் கைகள், முகமே கிடையாது. மே முதல் வாரம் ஐந்து நாள் ஷூட்டிங், ஒவ்வொரு நாளைக்கும் இப்போது வாங்குவதைப் போல இரண்டு மடங்கு. பிடித்திருந்தால் இரண்டு வருஷத்துக்கு நாங்களேதான். "உங்க கையை முடிவு பண்ணிட்டாங்க. பொண்ணு கை எப்படின்னு பாக்கணும்" என்றார். வாலுவைக் கூப்பிட்டேன். அவளுடைய விரல்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னுடையதேதான், அச்சு அசல். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நிபந்தனை ஒன்றுதான். அதுவரை ஒரு கீறல், ஒரு வீக்கம் கூடாது. அப்படியென்றால் பந்து கூடாது.

அவர் கிளம்பும்போது வாலு வாசல் வரை போனாள். திரும்பி வந்து, "நான் பண்றேம்மா" என்றாள்.

"இருபத்தாறாம் தேதி?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவளாகத்தான் சொன்னாள். நான் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. இவர் மட்டும் வாணலியைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தார், அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

மார்ச் 15, சனி

வாலுவுக்கு முதல் பாடம். நகத்தைக் கத்தரிக்காதே, ராவு. டப்பாவைத் திறக்காதே, அப்பாவைக் கூப்பிடு. வெயிலில் போனால் உறை. பூனையைத் தொடாதே. ஷாட்டுக்கு முன்னால் கையைத் தூக்கு. எல்லாவற்றையும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். ஒரு முத்தை இரண்டு விரலால் எடுக்கச் சொன்னேன், முதல் தடவையே விரல் மூட்டு மடங்காமல் எடுத்தாள். எனக்கு அது வர மூன்று மாதம் ஆனது.

இன்று ரொம்ப சந்தோஷமாக இருக்கிறேன். என் வேலையைப் பார்த்து நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். இப்போது என் மகளே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறாள்.

மார்ச் 22, சனி

கோச் போன் செய்தாள். "பொண்ணுக்கு உடம்புக்கு என்னங்க? கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குறா." விஷயத்தைச் சொன்னேன். "சரிங்க. உங்க வீட்டு விஷயம்" என்றாள்.

மனசு கேட்காமல் மைதானத்துக்குப் போனேன். வாலு ஓரமாக பெஞ்சில், வெள்ளை உறையோடு, புள்ளிப் பலகையின் அட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் இடத்தில் வேறொரு பெண் பந்தைத் தூக்குகிறாள். பந்து எங்கெங்கோ போகிறது. ஒவ்வொரு தடவை பந்து வரும்போதும் வாலுவின் விரல்கள் மடியில் விரிந்து மூடின. அவளுக்கே தெரிந்திருக்காது.

சரி, ஒரு வருஷம்தானே.

மார்ச் 30, ஞாயிறு

சண்டை. பெரிய சண்டை.

இவர் ஆரம்பிக்கவே இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். "இந்த வேலை உனக்குப் பிடிச்சிருக்கு, நீ பண்றே. நானும் இத்தனை வருஷம் சந்தோஷமாத்தான் பாத்திரம் தேய்ச்சிருக்கேன். அவளுக்குப் பிடிச்சிருக்கா?"

"அவதான் சொன்னா, நான் சொல்லல."

"அவ சொன்னது தெரியும். பிடிச்சிருக்கான்னு கேட்டேன்."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ. இந்த வீடு யார் காசுல வாங்கினது, இந்த ஃப்ரிட்ஜு, அவ ஸ்கூலு — எல்லாத்தையும் சொல்லிட்டேன். சொல்லியிருக்கவே கூடாது. இவர் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது என் கை க்ரீம் தீர்ந்திருந்ததைக் கவனித்து ஒரு டப்பா வாங்கி வந்திருந்தார். இந்த மனுஷனோடு சண்டை போட்டால்கூட ஜெயிக்க முடியாது.

ஏப்ரல் 2, புதன்

ஜன்னல் வழியாகப் பார்த்தது. எதிர்வீட்டுக் குழந்தைகளின் பந்து உருண்டு தெருவில் நடந்து வந்த வாலுவின் காலடிக்கு வந்தது. "அக்கா, போடுங்க" என்று கத்தினார்கள். வாலு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, காலால் தள்ளிவிட்டு, நடந்து வந்தாள்.

பந்தென்றால் உயிரை விடுகிறவள். நல்ல பயிற்சி என்று நான் சந்தோஷப்பட வேண்டும். படவில்லை. ஏன்?

ஏப்ரல் 6, ஞாயிறு

கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்காமல், கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து. "உனக்கு இது பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு."

"என் முகத்தைப் பாத்து சொல்லு."

பார்க்கவில்லை. அழுதாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அன்றைக்கு வாசலில் ஏஜென்ட் அவளிடம் சொன்னாராம், அம்மா கை இனி ரொம்ப நாள் ஓடாது, நரம்பு தெரிய ஆரம்பிச்சிடுச்சு, கம்பெனி எடுக்கிறது உன் கையைத்தான், நீ வந்தால் அம்மாவையும் சேர்த்துக்கொள்வார்கள், இல்லையென்றால் இல்லை என்று.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீ அன்னிக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்தம்மா. உங்க கையை முடிவு பண்ணிட்டாங்கன்னு அவர் சொன்னதும் உன் மூஞ்சியப் பாத்தேன். அப்புறம் எப்படி சொல்றது?"

அவளைத் தூங்க வைத்துவிட்டு வந்து மேஜை விளக்கில் கையை வைத்துப் பார்த்தேன். தெரியுது. கொஞ்சம் இல்ல, நல்லாவே தெரியுது. தினமும் க்ரீம் போடுறேன், தினமும் பாக்குறேன், எப்படித் தெரியாமப் போச்சு? எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. கேமராக்காரருக்குத் தெரிஞ்சிருக்கும். லைட்காரருக்குத் தெரிஞ்சிருக்கும். வலிக்குது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப வலிக்குது. அதைவிட, பதினைந்து வயதுப் பிள்ளை என் வேலையைக் காப்பாற்ற மூன்று வாரமாக உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் அவளுக்கு முத்து எடுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் முதல் வேலையாக ஏஜென்டுக்குப் போன்.

"எங்கிட்ட சொல்ல வேண்டியத என் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கீங்க."

"உங்க மனசு நோகுமேன்னுதான் மேடம்..."

"நீங்க விக்கிறது என் கையை. மனசை நான் பாத்துக்கிறேன். அவ வரல. நான் மட்டும்னா நான் ரெடி."

"ஒத்துக்க மாட்டாங்க மேடம். கொஞ்சம் யோசிங்க. இரண்டு வருஷம். இந்த மாதிரி ரேட்டு இனிமே..."

"இனிமே வராது. தெரியும். வேண்டாம்னு சொல்லிடுங்க."

போனை வைத்தேன். இவர் ஒரு டம்ளர் தண்ணீரை முன்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். பணம் நிறையத்தான் விட்டுவிட்டேன். ஆனால் தப்பு செய்துவிட்டோமோ என்று ஒரு தடவை கூடத் தோன்றவில்லை.

சாயங்காலம் வாலுவிடம் சொன்னேன். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தால் குதித்தாள். "உன்னை யாரு வேண்டாம்னு சொல்லச் சொன்னா? நான் முடிவு பண்ணினது. நீ பாட்டுக்கு கெடுத்து வச்சிருக்க." கதவைச் சாத்திக்கொண்டாள். அச்சு அசல் நான்தான், கையில் மட்டும் இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்னும் கோபம். பேச்சே இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது ஷூ பையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

கோச் சொன்னாள்: "விட்ட இடத்துலேர்ந்து ரெண்டு படி கீழ இருக்கா. நாள் கம்மி. பாக்கலாங்க."

ஏப்ரல் 16, புதன்

ஏஜென்ட் கூப்பிட்டார். தயங்கித் தயங்கி, மென்று முழுங்கி, "ஒரு நாள் வேலை மேடம்... மூட்டுவலி தைலம்... கொஞ்சம் முதிர்ந்த கையா கேக்குறாங்க... தப்பா எடுத்துக்காதீங்க."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. இவர் கரண்டியோடு ஓடி வந்து என்ன ஆச்சு என்று பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். "ரேட்டு பாதிதான்" என்றார் ஏஜென்ட். "முக்கால் சொல்லுங்க. முதிர்ந்த கை சும்மா வருமா? பதினோரு வருஷம் ஆயிருக்கு" என்றேன். முக்காலுக்கு ஒத்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 19, சனி

தைல ஷூட்டிங். ஷாட்டுக்கு முன்னால் பழக்கத்தில் கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். "ஐயோ, கீழ தொங்க விடுங்கம்மா, நரம்பு நல்லா தெரியணும்" என்றாள் டைரக்டர், சின்னப் பெண். தொங்கவிட்டேன். ரத்தம் இறங்கி, நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. மானிட்டரில் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. இரண்டே டேக்.

வீட்டுக்கு வந்து ஒரு தட்டைக் கழுவினேன். இவர் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

ஏப்ரல் 26, சனி

காலை ஏழு மணிக்கே மைதானம். நானும் இவரும் படிக்கட்டில் மேலே. எனக்கு வாலிபால் விதி பாதி தெரியாது, அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் விரல்கள் விறைத்து இருந்தன, இரண்டு பந்து நழுவியது. கோச் என்னவோ கத்தினாள். பிறகு தளர்ந்தன. அப்புறம் பந்து அவள் விரலில் பட்டதே தெரியவில்லை, வந்தது, போனது, யாரோ அடித்தார்கள், எல்லாரும் அடித்தவளுக்குக் கைதட்டினார்கள். நான் மட்டும் என் பெண்ணுக்குத் தட்டினேன். உள்ளங்கை எரிகிற அளவுக்கு.

கடைசி ஆட்டத்தில் வலையோரம் ஒரு பந்தைத் தடுக்கப் போய், நடுவிரலில் நேராக வாங்கினாள். முகம் சுருங்கியது. வெளியே வரவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு முடிவு வரை ஆடினாள்.

பன்னிரண்டு பேர் எடுத்தார்கள். பதினொன்றாவதாக இவள் பேர், இரண்டாவது செட்டர். பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருக்கும் என்று கோச் சொன்னாள். "உக்காருவேன் மிஸ்" என்றாளாம். என்னிடம் வந்து சொல்லும்போது மூச்சு வாங்கியது. "நான் மூணு வாரம் வராமப் போயிருக்கலேன்னா முதல் செட்டரும்மா." "தெரியும்டி" என்றேன்.

வீட்டில், அவள் விரலை என் மடியில் வைத்து ஐஸ் ஒற்றிக்கொண்டிருந்தபோது ஏஜென்ட் போன். இவர் போனை என் காதில் பிடித்தார்.

"மேடம், அவசரமா ஒரு மோதிரக் கம்பெனி. இளசான கை வேணும். ஒரே நாள், ரேட்டு கேட்டா அசந்துடுவீங்க. பொண்ணு கை எப்படி இருக்கு?"

பார்த்தேன். நடுவிரல் இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. நகம் அடிவரைக்கும் கறுத்திருந்தது.

"நகம் போயிடும்னு நினைக்கிறேன்" என்றேன்.

"அடடா. முளைச்சு வர ஆறு மாசமாவது ஆகுமே மேடம்."

"ஆகும்."

அந்த மனுஷர் நிஜமாகவே வருத்தப்பட்டார். எப்படி ஆச்சு, டாக்டரிடம் காட்டினீர்களா, அவ்வளவு நல்ல கையாயிற்றே, கவலைப்படாதீர்கள் மேடம் என்று ஏதோ துக்கம் விசாரிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார். நானும் கொஞ்சம் வருத்தமாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். வாயில் வரவில்லை. "சரிங்க சார், வச்சிடறேன், பொண்ணு கையைப் பிடிச்சிட்டிருக்கேன்" என்றேன்.