தகர டப்பாவிலிருந்த பதினேழு கடிதங்கள்

பெண்டிகோ,
14 ஜனவரி 1991

பயறுக்குட்டி,

இங்கே நான் எழுந்து நடமாடுகிறேன், கால் வீக்கம் வடிந்துவிட்டது, அங்கே கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் பச்சைக்குழந்தையும் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும். பிள்ளை பெற்ற உடம்போடு அப்பாவின் காரியத்துக்கு வரமுடியவில்லையே என்று இனி அழாதே. உனக்கு நான் சொல்லிக்கொடுத்த ஜப்பான் எழுத்திலேயே எழுதுகிறேன், இங்கிலீஷ் எழுத்துதான் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லையே. சண்டை முடிந்தபின் ஆஸ்திரேலியச் சிப்பாய்களைக் கட்டிக்கொண்டு கப்பலேறிய எங்கள் கதையை உன் மகளுக்காக நீ எழுதிவைக்கப் போவதாகச் சொல்லி, ஜப்பானில் என் குரே ஊருக்கு அப்பா போட்ட கடிதங்களை அனுப்பு என்று கேட்டிருந்தாய். எப்படிச் சொல்வேன், அவை இல்லை. எங்கள் ஊரில் போகிறவருக்குப் பிரியமானதைப் பெட்டியில் கூடவே வைத்து எரிப்போம். கடிதங்கள் இருந்த பிஸ்கட் டப்பாவோடு போய் நின்றேன். சவப்பெட்டிக்காரர், தகரம் அடுப்புக்கு ஆகாதும்மா, காகிதம்னா எவ்வளவு வேணும்னாலும் வைங்க என்றார். பதினேழையும் அவர் நெஞ்சில் வைத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான்.

நினைவிருப்பதைச் சொல்கிறேன், எழுதிக்கொள். கல்யாணமானதும் அவர் முன்னால் வந்துவிட்டார், எனக்குக் கப்பல் சீட்டு வர ஏழு மாதமானது. அவர் இங்கிலீஷில் எழுதிய கடிதங்களைச் சிப்பாய் முகாம் சலவைக்கூடத்தில் என்னோடு வேலைபார்த்த கிகுவேதான் படித்துச் சொல்வாள். கூச்சமான இடம் வந்தால் நிறுத்திவிட்டு, ஒரு முள்ளங்கி எடுத்து வைடி, அப்பத்தான் மிச்சம் என்பாள். ஒன்றில் ஆடு இரட்டைக்குட்டி போட்டது, ஒன்றில் அவர் அம்மா என்னை வரச்சொல்லி மனம் இரங்கியது. பதினேழாவது நான் கப்பலேறிய காலையில் வந்தது. கிகுவே வேலைக்குப் போயிருந்தாள், படிக்க ஆளில்லை, இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். மெல்போர்ன் துறைமுகத்தில் அவர் கேட்ட முதல் பேச்சே, கடுதாசி கிடைச்சுதா, எழுதினதுக்கெல்லாம் உனக்குச் சம்மதந்தானே என்பதுதான். அவர் வீட்டார் சுற்றி நின்றார்கள், படிக்கவில்லை என்று சொல்ல வெட்கம், தலையாட்டிவிட்டேன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்கப்புறம் கேட்க வாய் வரவில்லை. நீ பள்ளிக்கூடம் போனபின் அதை உன்னிடம் படிக்கக் கொடுக்கலாமென்று எத்தனையோ தரம் எடுத்தேன், புருஷன் பெண்சாதிக்கு எழுதியதைப் பிள்ளையிடம் எப்படி நீட்டுவது. டப்பாவிலேயே போட்டுவிட்டேன்.

குழந்தை நீண்ட ஆயுசோடு, அப்பாவின் சிரிப்போடு வளரட்டும். காதை மூடித் தொப்பி போடு, அந்த ஊர்க் குளிர் பொல்லாதது. எழுதும்போது கிகுவே பெயரை விட்டுவிடாதே.

உன் அம்மா
ஹத்சுயோ

அவர் முகம் கோணாமல்தான் முப்பத்தேழு வருஷம் இருந்தேன். ஆனாலும் சொல்லு குட்டி, அன்றைக்கு நான் எதற்குச் சம்மதித்தேன், அதன்படி நடந்தேனா?