நீ பல் விளக்கினாய்

குட்டிம்மா,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. நாலு மணிக்கு அத்தை வந்து உன்னை மூக்கு டாக்டரிடம் கூட்டிப்போவாள். கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

நேற்று பல் டாக்டரம்மா சொன்னதை நீயும் கேட்டாய். "பொண்ணு ஒழுங்காத்தான் பல் விளக்கறா சார். மூக்கு அடைச்சிருக்கு, அதான் எப்பவும் வாயால மூச்சு விடறா. வாய் காய்ஞ்சே கிடந்தா, பல்லைக் காப்பாத்த எச்சில் ஏது? சொத்தை, வாடை எல்லாம் அதனாலதான்."

நீ என்னைப் பார்த்தாய். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.

இரண்டு வருடமாகத் தினமும் உன் பிரஷ் ஈரமா என்று தொட்டுப் பார்த்தவன் நான். ஈரமாக இருந்தாலும், சும்மா நனைத்து வைத்திருக்கிறாய் என்றே நினைத்தேன். அத்தை வீட்டில் எல்லோர் முன்னாலும், "பொய் சொல்றா, விளக்கவே மாட்டா" என்றவனும் நான்தான். நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. தப்பு என்னுடையது என்று அத்தைக்குப் போனில் சொல்லிவிட்டேன். உன்னிடம் நேரில் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. மன்னித்துவிடு.

அப்பா

பி.கு.: தண்ணீர் பாட்டிலை மறக்காதே. டாக்டரம்மா அடிக்கடி குடிக்கச் சொன்னார்.

இன்னொன்று. சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாய். என் பேச்சுக்குப் பயந்து வந்த பழக்கம் அது. இனி வேண்டாம், கண்ணு.