ஓடு வீடு இல்லக்கா

மார்ச் 4

என் உசுரு அக்காவுக்கு,

மாமா உன் போனை உடைச்சதுல ஒரே லாபம், எனக்குக் கையெழுத்து வந்துருச்சு! நீ வேலை செய்ற தையல் கடைக்கே அனுப்புறேன், அவர் கண்ணுல படாது. பிறந்தநாளுக்கு நான் குடுத்த ஆமை, நம்ம மந்திரி, ஒழுங்கா சாப்பிடுறாரா? "இது எத்தனை நாளைக்கு இருக்கும்?"னு மாமா கேட்டாராமே! சொல்லு: மந்திரியோட சிவப்புக் காது ஜாதி முப்பது வருஷம் இருக்கும்! கடலாமை எழுபது, ராட்சச நில ஆமை நூறையே தாண்டும்! வீடியோ பார்த்தே நான் பாதி டாக்டர்.

உன் வாலு,
குட்டி

மார்ச் 19

குட்டிம்மா,

முப்பதுன்னு சொன்னேன். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது. முப்பது வருஷம் இந்தச் சனியனோட இருக்கணுமா?"ன்னு தொட்டியைத் தூக்கிச் செவுத்துல அடிச்சார். மந்திரியை மிதிச்சார். ஓடு வெடிச்சிருக்கு. ஓடு அவனுக்கு வீடு மாதிரிதானே, வலிக்காதில்ல? எனக்கு இடது கையில கட்டு. முறுக்கிக்கிச்சு. அலமாரி மேல விழுந்துட்டேன். அம்மாகிட்ட மூச்சு விடாதே.

அக்கா

மார்ச் 23

அக்கா,

ஓடு வீடு இல்லக்கா! அது அவனோட முதுகெலும்பு, விலா எலும்பு. உடைஞ்சா உசுரு போற மாதிரி வலிக்கும். கத்தத் தெரியாது, அவ்ளோதான். தண்ணி படாம சுத்தத் துணியில சுத்தி உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடு. ஓட்டை விட்டு அவனால வர முடியாது. உன்னுது வெறும் வீடு, கதவு இருக்கு.

எந்த அலமாரிக்கா கையை முறுக்கும்?

குட்டி

ஏப்ரல் 2

குட்டி,

மந்திரியை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்தேன். வாசல்லயே உன் மாமா என் கழுத்தைப் பிடிச்சுச் செவுத்தோட அழுத்தினார். கண்ணு இருட்டுச்சு. கத்த முடியல, மந்திரி மாதிரியே. முப்பது வருஷம், முப்பது வருஷம்னு மண்டைக்குள்ள ஓடுச்சு. பையில தையல் கத்திரி கைக்குத் தட்டுப்பட்டுச்சு. அவர் தோள்ல இறக்கிட்டேன். அன்னிக்கு அந்த வீட்டுல கத்தினது அவர்தான்.

ரத்தக் கையோட மந்திரியைத் தூக்கிட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போனேன். கழுத்துல இருந்த விரல் தடத்தைப் படம் எடுத்தாங்க. அவர் பொழைச்சுக்குவார். என் மேலயும் கேஸ் வரலாம். வரட்டும்.

கோர்ட்டு அமீனாவுக்குப் பதிலா போலீஸை நானே அந்த வீட்டுக்கு அனுப்பிட்டேன். பழமொழி பலிக்கட்டும், உருப்பட வேணாம்.

அம்மாகிட்ட இப்ப சொல்லிடு, நாங்க ரெண்டு பேரும் வர்றோம். ஓட்டை ஒட்டிட்டாங்க. தொட்டி பெருசா பாரு, அவனுக்கு இன்னும் முப்பது வருஷம் இருக்கு.

உன் அக்கா