நெத்தோலி மாதிரி மின்னணும்

3 மார்ச் 2006, வெள்ளி. அல் கோபார், சவுதி.
லீவு ஃபாரம் இன்னும் மேனேஜர் ஹோல்கம் சாரின் மேஜையில்தான் இருக்கிறது. காப்பிக் கோப்பைக்கு அடியில். வட்டமாகக் கறை கூட விழுந்துவிட்டது. மகள் ரெஷ்மாவுக்கு மே 22 கல்யாணம், இன்னும் நாள் கிடக்கிறது என்று மனைவி இன்பமணிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இதைத்தான் நீங்க சர்ச்சில பிள்ளைக்க திடப்படுத்தலுக்கும் சொன்னிய, வரல்ல" என்றாள். பதில் யோசிப்பதற்குள் போன் கார்டுக்குள் இருக்கும் பெண் 'ஒரு நிமிடம் மீதி' என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். சில சமயம் என்னைக் காப்பாற்றுவது அவள்தான்.

5 மார்ச், ஞாயிறு
ஹோல்கம் சார் அறையில் ஏசி ஒழுகுகிறது என்று போனேன். மேஜையில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே பளபளவென்று தகடுகள், குஞ்சங்கள். மேடத்துக்குக் கம்மல் வாங்கியிருக்கிறார் போல என்று நினைத்தேன். அத்தனையும் தூண்டிலாம். பெயர் ஸ்பின்னர்பெய்ட். ஒரு வளைந்த கம்பி. ஒரு முனையில் ஈயத் தலையும் கொக்கியும், கொக்கியை மறைக்க ரப்பர் நூலில் ஒரு பாவாடை. மறு முனையில் சுழல்கிற தகடு. அமெரிக்காவில் அவர் ஊர் ஏரியில் 'பாஸ்' என்று ஒரு மீன் உண்டாம், அதற்காகச் செய்தது. இந்தக் கடலில் அந்த மீன் மாஃபி, கிடையவே கிடையாது. ஆனாலும் இதை வைத்தே இங்கே மீன் பிடித்துக் காட்டுவேன் என்று பிடிவாதம். மூன்று மாதமாக ஒன்றும் கடிக்கவில்லை. ஆள் சிடுசிடுவென்று இருப்பது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது.

"உன் ஊர் எது?" என்றார். சொன்னேன். சுவரில் இருந்த மேப்பில் கன்னியாகுமரியைத் தேடிப் பிடித்தார். மூன்று பக்கமும் கடல். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.
"யூ ஃபிஷிங் மேன்?"
"எஸ் சார்."

பதிமூன்று வருஷ கல்ஃப். எதைக் கேட்டாலும் வாய் முதலில் எஸ் சார் சொல்லிவிடும், கேட்டது என்ன என்று மூளை பிறகுதான் விசாரிக்கும். எங்கள் வீடு அருமனை, கடல் இல்லாத மலைப் பக்கம். அப்பா ரப்பர் பால் வெட்டினவர். நான் மீனைப் பார்த்ததெல்லாம் சட்டிக்குள்.

ரூமில் பாண்டித்துரை விழுந்து விழுந்து சிரித்தான். "ஏண்ணே, கன்னியாகுமரின்னா எல்லாரும் மீன்காரய்ங்களா? அப்ப நான் ராம்நாடு. நான் என்ன ராசாவா?"

10 மார்ச், வெள்ளி
சாரின் காரில் ஹாஃப் மூன் பே கடற்கரைக்கு. பெட்டியைத் திறந்து, "எது?" என்றார். நான் கடலைப் பார்த்தேன், வானத்தைப் பார்த்தேன், மணலைக் கொஞ்சம் மோந்தும் பார்த்தேன். பிறகு கறுப்புப் பாவாடையும் வட்டத் தகடும் உள்ளதைத் தொட்டேன். பெரிய ரகசியம் கேட்டவர் மாதிரித் தலையாட்டினார்.

எனக்கும் ஒரு கோல் கொடுத்தார். வீசினேன். அது முன்னால் போகாமல் பின்னால் போய் சாரின் தொப்பியைப் பிடித்தது. இந்த வருஷம் அந்தத் தூண்டில் பிடித்த முதல் உருப்படி.

17 மார்ச்
மஞ்சள் பாவாடை. மீன் ஒன்றுமில்லை. ஃபாரத்தில் இரண்டாவது வட்டம்.

25 மார்ச், சனி
தாங்க முடியாமல் இன்பமணியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கார்டில் மூன்று நிமிடம் சிரிப்புக்கே போயிற்று. பிறகு திடீரென்று, "தண்ணி எப்படி கிடக்குது?" என்றாள்.

"கண்ணாடி மாதிரி."

"அப்ப கறுப்பு என்னத்துக்கு? கேட்டியளா, இருவது வருஷமா மீன் வெட்டுதேன். பாரை மீனுக்க வயித்தைக் கீறினா நெத்தோலி, இல்லேன்னா சாளைக் குஞ்சு. கறுப்பா ஒரு சாதனம் நான் கண்டதில்ல. வெள்ளையா, ஒல்லியா, நெத்தோலி மாதிரி மின்னணும். பொறவு, மெதுவா இழுக்கப்பிடாது. பெரிய மீனைக் கண்டா நெத்தோலி ஓடுமில்லா? ஓட விடுங்க."

இத்தனை வருஷம் அந்த வயிற்றில் இருந்ததையெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். நான் முள் எடுத்துத் தின்றேன், அவ்வளவுதான்.

31 மார்ச், வெள்ளி
வெள்ளைப் பாவாடை, வேப்பிலை மாதிரி நீளத் தகடு. "ஃபாஸ்ட் சார், ஃபாஸ்ட்! ஹீ இஸ் அஃப்ரெய்ட்!" என்று கத்தினேன். நாலாவது வீச்சில் கோல் வளைந்தது. பாரை! அரை மணி நேரத்தில் இன்னொன்று. ஐம்பது வயது ஆள் மணலில் டான்ஸ் ஆடினார். என்னைக் கட்டிப் பிடித்ததில் என் சட்டையெல்லாம் செதில்.

நாளைக்குக் கையெழுத்துதான். சூட்கேஸுக்குப் பூட்டு வாங்க வேண்டும்.

1 ஏப்ரல், சனி
முட்டாள்கள் தினம். பொருத்தம்தான்.

"மே மாதமா? நோ, நோ. மே மாதம்தான் மீன் வரும் என்கிறார்கள். யூ ஆர் மை ஃபிஷிங் மேன். ஆகஸ்டில் போ." தோளில் தட்டி, மிட்டாய் வேறு கொடுத்தார்.

மீன் கிடைக்காதபோது கோபத்தில் கையெழுத்து இல்லை. கிடைத்த பிறகு சந்தோஷத்தில் இல்லை. என்னத்துக்கு ஓய் உமக்கு அந்த எஸ் சார்? கல்யாணம் என்று சொன்னால் கல்யாணம் எல்லா மாதமும் வருமே என்கிறார். எனக்கு ஒரு பிள்ளைதானே—

6 ஏப்ரல்
இன்பமணிக்குச் சொல்லிவிட்டேன். போனை ரெஷ்மா வாங்கினாள். "பரவாயில்லப்பா. சித்தப்பா கைபிடிச்சு குடுக்கட்டும்."
பரவாயில்லை என்று அவள் சொன்ன விதம். திட்டியிருக்கலாம். கார்டுப் பெண் ஒரு நிமிடம் மீதி என்றாள். இந்தத் தடவை அவள் காப்பாற்றவில்லை.

13 ஏப்ரல், வியாழன்
பாண்டித்துரையின் திட்டம்: "அந்தக் கறுப்பையே திரும்ப எடுத்துக் குடுண்ணே. ரெண்டு வாரம் மீனு வரலேன்னா ராசி போச்சுன்னு அவரே பிளேன் ஏத்தி விட்ருவாரு." நல்ல யோசனை. பாவமும் கூட. நாளைக்குப் பெரிய வெள்ளி வேறு.

14 ஏப்ரல், பெரிய வெள்ளி
இரண்டு நாள் மணல் காற்று. கடல் சாயா நிறத்தில் கலங்கிக் கிடந்தது. கறுப்புப் பாவாடை, வட்டத் தகடு. "மெதுவாக இழுங்கள் சார்" என்றும் சொன்னேன். எல்லாம் தலைகீழ்.

முதல் வீச்சிலேயே அடித்தது. என் கை நீளத்துக்கு ஒரு கலவா. இங்கே ஹமூர் என்பார்கள். சார் அழாத குறை. "கலங்கின தண்ணீரில் கறுப்புதான் நிழலாகத் தெரியும், வட்டத் தகடு தண்ணீரை உதறும், அது மீனுக்குக் கேட்கும்! உனக்கு எப்படித் தெரிந்தது?"

ஏமாற்றப் போனால் கூட ஜெயிக்கிறேன். இந்த ராசியோடு எந்த ஊருக்குப் போவது? மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டினேன். "சார், ஐ நோ ஃபிஷிங் மேன். மை ஃபாதர் ரப்பர். டுடே ஐ வான்ட் நோ ஃபிஷ். ஐ வான்ட் மேரேஜ்."

"அப்போ அந்த வெள்ளை?"

"மை வைஃப் சார். ட்வென்டி இயர்ஸ் கட்டிங் ஃபிஷ். ஷீ சீ ஸ்டமக்."

காரில் ஏறியதும் சார் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். மீனைக் கூட என் மடியில்தான் வைத்தார். கலாஸ், எல்லாம் முடிந்தது. லீவு போனது, வேலையும் போகும்.

16 ஏப்ரல், ஈஸ்டர்
ஃபாரம் காப்பிக் கோப்பைக்கு அடியிலிருந்து எழுந்தருளியது. மூன்று வட்டம், ஒரு கையெழுத்து. மே 10 முதல் ஒரு மாதம்.

திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பென்சிலில் ஒன்பது கேள்வி. என்னிடம் இல்லை. 'டு யுவர் வைஃப்' என்று மேலே எழுதியிருக்கிறார்.

22 மே, திங்கள். அருமனை.
கைபிடித்துக் கொடுத்தது நான்தான். தூண்டில் கோல் மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தேன். "அப்பா, வீசிராதீங்க" என்று ரெஷ்மா காதில் சொன்னாள். தொப்பிக் கதையை யார் சொன்னார்கள் இவளுக்கு?

பந்தியில் இரண்டாவது வரிசை உட்காரும்போது வீட்டுப் போன் அடித்தது. ஹோல்கம் சார். டூட்டிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடற்கரையில் நிற்கிறார். வாழ்த்து அரை நிமிடம். பிறகு, "ஆஸ்க் யுவர் வைஃப்."

பட்டுச் சேலையும் தலையில் பூவுமாக இன்பமணி வந்தாள். "தண்ணி எப்படி கிடக்குதுன்னு கேளுங்க. காத்து எந்தப் பக்கம்? கரையில சின்ன மீன் துள்ளுதா?" நான் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்ல, அங்கிருந்து பதில் வர, பந்தலில் பாதிப் பேர் சாப்பாட்டை விட்டு எங்களையே பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பயந்துவிட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்பமணி பேசிக்கொண்டே இருந்தாள். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை, நீளத் தகடு, ஓட விடச் சொல்லுங்க என்று. ஒரு நிமிடம் மீதி என்று குறுக்கே யாரும் வரவில்லை.