வயர்கூடைக்குள் ஒரு ட்யூப்

ஜூன் 18

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் சத்தியமாகக் காட்டாதீர்கள்.

இன்றைக்குத்தான் ட்யூப் கைக்கு வந்தது! அசெலாயிக் ஆசிட் க்ரீம். பள்ளிக்கூட முகாமுக்கு வந்த டாக்டரம்மா என் பருவையும் கறுப்புத் தழும்பையும் பார்த்துச் சீட்டு எழுதித் தந்தார். என் வகுப்பு யோகேஸ்வரியின் அக்கா மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறாள். அவள் வாங்கித் தந்தாள். ராத்திரி பட்டாணி அளவு. மூன்று மாதம் பொறுமை.

ஆனால் ட்யூபில் 'ஆசிட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அம்மாவுக்குப் புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில் வேலை. "கெமிக்கல்ல கெடந்து வேகுறதுக்கு நா ஒருத்தி போதும்" என்பாள். பார்த்தால் கொன்றுவிடுவாள். கைப்பிடி அறுந்து ஆணியில் தொங்கும் வயர்கூடைக்குள் ஒளித்துவிட்டேன். அதை யாரும் தொடுவதில்லை.

ஜூன் 19

எறும்பு ஊர்கிற மாதிரி அரிக்கிறது. முகம் வெந்துவிடுமா? முதலில் அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டரம்மா. இருக்கட்டும்.

ஜூலை 22

தாடையில் இருந்த பெரிய பரு அமுங்கிவிட்டது! வகுப்பில் என்னைச் 'சரவெடி' என்று கூப்பிடும் சுகிர்தாவே கேட்டாள்: "என்னடி, வெடியெல்லாம் நமத்துப் போச்சா?" நாள் முழுக்கச் சிரித்தேன்.

ஆகஸ்ட் 4

போச்சு. எல்லாம் போச்சு. அம்மா அந்தக் கூடைக்குக் கைப்பிடி கட்டி இன்றைக்குக் கம்பெனிக்கு எடுத்துப் போயிருக்கிறாள். கேட்டில் தினமும் பையைச் சோதிப்பார்கள் — தீப்பெட்டி, செல்போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. வாட்ச்மேன் 'ஆசிட்' என்று படித்ததும் போர்மேன் அம்மாவைத் திருப்பி அனுப்பிவிட்டார். தீபாவளி சீசனில் ஒரு நாள் கூலி போச்சு, என்னால்.

"அம்புட்டுப் பேரு முன்னாடி நிக்க வச்சுட்டாக. எங்கூடையில யாரு வச்சது?"

"தெரியலம்மா."

என் முகத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம். ஐயோ, ட்யூபைச் சுற்றி டாக்டர் சீட்டு இருந்ததே. அதில் என் பேர்!

ஆகஸ்ட் 5

ட்யூப் என் புத்தகப்பையில் இருக்கிறது. சீட்டும். அம்மாதான் வைத்திருக்க வேண்டும். திட்டினால்கூடத் தேவலை.

செப்டம்பர் 9

நான் அடியிலிருந்து அழுத்தி மடக்குவேன். இன்றைக்கு ட்யூப் நடுவில் அமுங்கியிருக்கிறது. யார்?

அக்டோபர் 3

கண்டுபிடித்துவிட்டேன்! காலையில் அம்மாவின் காதோரம் சரியாகத் தேய்க்காத வெள்ளைத் தீற்றல்! தம்பி பிறந்ததிலிருந்து அவள் கன்னத்தில் கறுப்பாகப் படர்ந்து கிடக்கும் மங்கு, ஓரத்தில் தெளிந்திருக்கிறது. எதிர்வீட்டுச் சுப்புத்தாய் அத்தை கேட்டதற்கு, "சோப்ப மாத்துனேன் மதினி" என்றாளே, கூசாமல்!

சிரிப்பு தாங்கவில்லை. அழுகையும் வருகிறது. கூடையில் வைத்தது நான்தான் என்று இப்போதே போய்ச் சொல்லிவிடலாமா? கேட்டில் நின்றாளே, அதற்கு என்ன —

கதவைத் தட்டுகிறாள். "ஏ பொன்மணி, தூங்கிட்டியா? அந்த ட்யூபுல அடில ஒட்டுனதாச்சும் மிச்சம் இருக்கா?"