குழாயோடு போன எர்த்

அன்பு வாயாடிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், என் முழங்கால் மட்டும் உன்னைப் போலவே சொல்பேச்சுக் கேட்பதில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் இதைச் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன். அன்றைக்கு நீ ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் போனதே, சிக்னல் இல்லை என்று அம்மா சொன்னது பொய், நான்தான் கோபத்தில் வைத்துவிட்டேன். எதிர்வீட்டுத் தையல்காரப் பொண்ணு வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று அம்மா பேச்சுவாக்கில் சொல்ல, நீ உடனே, அந்த வீட்டுல இரும்புக் குழாய மாத்துனது அப்பாவான்னு கேட்டாய் பார், எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. இருபத்தாறு வருடமாகக் குழாய் வேலை, நான் போட்ட பிளாஸ்டிக் குழாயில் ஒரு சொட்டு ஒழுகியது என்று எவனாவது சொல்லட்டும். கரண்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம், மெஷினில் கரண்ட் கசிகிறதா என்று சோதிக்கிற வேலை கிடைத்ததும் பெற்றவனையே சோதிக்கிறாளே என்று கத்தினேன். கத்தி முடிச்சாச்சுன்னா ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன் என்றாள் உன் அம்மா.

கண்ணாடிக்கார எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போனேன். நீ சொன்னது தப்பென்று காட்டத்தான் போனேன், மறைப்பானேன். அடுப்படித் தொட்டிக்குக் கீழே அந்தக் காலத்து வயர்மேன் யாரோ எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருக்கிறார். இரும்புக் குழாய் மண்ணுக்குள் போகிறது, கசிகிற கரண்ட் அதன் வழியே இறங்கிவிடும் என்று கணக்கு. நான் அந்தக் குழாயை வெட்டி எடுத்துவிட்டு, வயர் தொங்கினால் அசிங்கம் என்று புதுக் குழாயிலேயே அழகாகச் சுற்றி வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக்கில்! என் கையால்! எலக்ட்ரீஷியன் மெஷின் மேல் டெஸ்டரை வைத்தார், விளக்கு எரிந்தது. உடனே பிளக்கைப் பிடுங்கினோம். அந்தப் பொண்ணு, எனக்கு நரம்புத் தளர்ச்சின்னு நெனச்சு மாத்திரை சாப்பிடுறேன் அண்ணே, ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியல என்றாள். அவள் செருப்பு போட்டிருக்கிறாள் சரி, இடுப்பில் இருக்கும் குழந்தை? பத்து மாதம், எதையாவது பிடித்து எழுந்து நிற்கிற வயசு, வெறுங்கால், ஈரத்தரை.

இத நமக்குள்ளயே வெச்சுக்குவோம், பேரு கெட்டுடும் என்றார் எலக்ட்ரீஷியன். எனக்கும் ஒரு நிமிஷம் அது சரியென்றுதான் பட்டது. ஆனால் அப்பா மனசு நோகுமே என்று நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மகள் அப்பனிடம் சொல்லத் துணிந்ததை அப்பன் ஊரிடம் சொல்ல மாட்டானா என்று ரோஷம் வந்தது. நான் இரும்பை எடுத்த பழைய வீடுகள் பதினொன்று, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே படியேறி, என் வேலையால உங்க எர்த் போயிருக்கலாம், பாக்க விடுங்க என்றேன். ஏழு வீட்டில் எர்த்துக்குத் தனிக் கம்பி இருந்தது, பிழைத்தேன். நாலில் இல்லை, புதிதாகப் போடவேண்டியிருந்தது. பேக்கரிக்காரர் காது கூசப் பேசினார், வாங்கிக்கொண்டேன், நியாயம்தானே. மற்றவர்கள் யார் கண்டுபிடித்தது என்று கேட்டார்கள். என் பொண்ணு, அங்க இருந்துக்கிட்டு போன்லயே கண்டுபிடிச்சுட்டா என்று சொல்லும்போது சட்டைப் பட்டன் தெறிக்காத குறைதான் போ.

நேற்று தையல்காரப் பொண்ணு வீட்டில் கடைசிக் கம்பியை மண்ணில் இறக்கினோம். மெஷினையும் பழுது பார்த்தாயிற்று, டெஸ்டர் எரியவில்லை. சாமான்களை எடுத்துவைத்துவிட்டுத் திரும்பினால், குழந்தை தவழ்ந்து வந்து ஓடுகிற மெஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது. ஒருத்தரும் பதறி ஓடவில்லை. நான் குழாயைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன் மகளே, கொஞ்ச நேரம் நிமிர முடியவில்லை.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், போதாவிட்டால் என் ஆயுசிலும் கொஞ்சம் எடுத்துக்கொள். நீ குடியிருக்கும் வீட்டு ஹீட்டரைப் பார்த்தாயா? ஊருக்கெல்லாம் சொல்கிறவள், மறந்திருப்பாய். இனியும் தப்பென்று பட்டால் அப்பா என்று பார்க்காதே, முகத்துக்கு நேரே சொல்.

இப்படிக்கு,
உன்னிடம் தோற்றதை வீடு வீடாகச் சொல்லித் திரியும்
அப்பா