ஒரே வரியில் துடைப்பது

இன்று சனிக்கிழமை. கடைக் கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து, ‘சாவு’ என்று நீ பெயர் வைத்த ஃபோல்டரை அழிக்கும் கட்டளையை அடித்துவிட்டேன். என்டர் மட்டும் தட்டவில்லை. இந்த வாரம் அதற்குள் நீயும் இருக்கிறாய்: உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும், அதற்காக நான் வெட்டியெடுத்த உன் படமும்.

நாம் இருவரும் வேலை பார்த்த மில் மூடியபின், ரெட்டியார்பாளையத்தில் பத்திரிகை, போஸ்டர் அடித்துத்தரும் டி.டி.பி. கடை போட்டோம். யாரும் சொல்லித்தரவில்லை, தப்பும் தவறுமாகத் தட்டியே கற்றோம். ஒரு ஃபோல்டரை, உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள், படங்கள் எல்லாவற்றோடும் ஒரே வரியில் துடைக்கும் கட்டளையைக் கண்டுபிடித்தவன் நீ. அப்போது டெல்ட்ரீ என்பார்கள். இன்று பெயர் வேறு, வேலை அதேதான். அழிக்கட்டுமா என்று அது ஒருமுறை கேட்கும். ஓர் எழுத்தைச் சேர்த்தால் கேட்காது. நீ சேர்ப்பாய். நான் சேர்க்கமாட்டேன்.

கல்யாணப் பத்திரிகைகளோடு சாவு வேலை சேரக்கூடாது என்றுதான் தனி ஃபோல்டர் வைத்தாய். அதையும் சனிக்கிழமைதோறும் துடைத்துவிடுவாய். “கேட்டுக்கினே நின்னா வேலை ஆவுமாய்யா?” என்பாய்.

அப்படித்தான் காலாப்பட்டு மீன்காரம்மாவின் கணவர் படமும் போனது. அந்தம்மா வருச நினைவு நாளுக்குப் போஸ்டர் கேட்டு வந்தார். வீட்டில் இருந்த படம் மழையில் ஊறிப்போயிருந்தது.

“உங்ககிட்ட இருக்குதுன்னுதாண்ணே தைரியமா இருந்தேன்” என்றார்.

“நான் சொன்னனா இல்லியா?” என்று உன்னைக் கேட்டேன். நீ சைக்கிளை எடுத்தாய். குப்பத்துச் சுவர்களில் தேடி, ஒரு கூரையடியில் மழை படாமல் மிஞ்சியிருந்த பழைய போஸ்டரைத் தண்ணீர் தெளித்து உரித்து, இரு கையிலும் ஏந்தி வந்தாய். “மூஞ்சி தேறும்யா, பாரு.” தேறியது. அடுத்த சனிக்கிழமையும் அந்த எழுத்தைச் சேர்த்தே தட்டினாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

காலையில் உன் மகள் போன் செய்தாள். “படம் எங்ககிட்ட இருக்குது பெரியப்பா. அப்பா சொல்ற மாதிரியே அழிச்சிடுங்க.”

“உங்கப்பன் சொன்னத நான் என்னிக்கிம்மா கேட்டிருக்கேன்?” என்றேன். சிரித்தாள்.

அடித்த வரியை எடுத்துவிட்டேன். மற்றவர்களை ஒவ்வொருவராகத் திறந்து, முகம் பார்த்து, அழித்து அனுப்பிவைத்தேன். உன்னை மட்டும் கல்யாண ஃபோல்டரில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். உனக்குப் பிடிக்காது, தெரியும். தை மாதப் பத்திரிகைகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. எதைத் தேடினாலும் நடுவில் நீ வருவாய். வா.